குறுக்கீடா, மயக்கமா? ஐ.எஸ்.ஐ.க்கு ஒரு தமிழ்ச்சொல்

வணக்கம் அண்ணாச்சி,

சர்க்யூட் போர்டின் ஒரே செம்புத் தடத்தில் அடுத்தடுத்துப் போகும் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலப்பதை ‘இன்டர்சிம்பல் இன்டர்ஃபியரன்ஸ்’ என்கிறார்கள். அதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘குறியீடுகளுக்கிடைக் குறுக்கீடு’ என்று கிடக்கிறது. நீளம் ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, அந்தச் சொல் ஆளைத் தவறான இடத்துக்கு அனுப்புகிறது. குறுக்கீடு என்றால் வெளியிலிருந்து எதோ வர வேண்டும். படிக்கிற பிள்ளை உடனே பக்கத்துத் தடத்தைத் தள்ளிப் போடும், மேலே உலோக மூடி கவிழ்க்கும். ஒன்றும் சரியாகாது. இங்கே கெடுப்பது அதே தடத்தில் முன்னால் போன பிட்தான். ஐ.எஸ்.ஐ. என்று சுருக்கினாலோ இஸ்திரிப் பெட்டியில் இருக்கும் முத்திரைதான் நினைவுக்கு வருகிறது.

நம்ம திருநெல்வேலிப் பாசனத்துப் பாளையங்கால்வாயைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தலைமடையைத் திறந்ததும் கடைமடையில் தண்ணீர் ஏறிவிடாது, அடைத்ததும் வற்றிவிடாது. கொஞ்ச நேரம் திறந்து உடனே அடைத்தால் கடைசி வயலில் மண் நனைவதோடு சரி. தடமும் அப்படித்தான். நொடிக்கு 10 ஜிகாபிட் வேகத்தில் ஒரு பிட்டுக்கு 100 பிகோசெகண்ட். எஃப்.ஆர்.4 என்கிற வழக்கமான கண்ணாடியிழை-பிசின் போர்டில் அது சுமார் 15 மி.மீ. நீளம். 30 செ.மீ. தடம் என்றால் 20 பிட் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் செம்பின் மேல்தோலில் ஒதுங்குகிறது. போர்டின் பிசினும் ஆற்றலைத் தின்கிறது. 5 ஜிகாஹெர்ட்ஸில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 0.8 டெசிபல் போகும். 12 அங்குலம் கடந்தால் வோல்ட்டேஜில் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும். கூராகக் கிளம்பிய துடிப்பு மழுங்கி, வாலை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒற்றைத் துடிப்பு ரிசீவரில் தன் நேரத்தில் 300 மில்லிவோல்ட், அடுத்த பிட்டின் நேரத்தில் 110, அதற்கடுத்து 50, தனக்கு முந்திய பிட்டின் நேரத்திலேயே 40 காட்டுகிறது என்று வையுங்கள். 1 என்றால் நேர், 0 என்றால் எதிர். தொடர்ந்து 1 வந்தால் எல்லாம் கூடி 500. பூஜ்யங்களுக்கு நடுவே தனியே வரும் 1-க்கு 300-இலிருந்து 200 கழிந்து 100-தான் மிச்சம். பிட்டுகளின் அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பார்க்கும் ‘கண் படத்தில்’ நடுவே உள்ள கண் ஒடுங்குவது இதனால்தான். அனுப்பும் வோல்ட்டேஜை இரட்டித்தால் வாலும் இரட்டிக்கும். வால்களின் கூட்டு 300-ஐத் தாண்டிவிட்டால் எத்தனை மடங்கு ஏற்றினாலும் கண் திறக்காது. இரைச்சலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

ஆகவே ‘குறிமயக்கம்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. இலக்கணத்தில் அடுத்தடுத்த மெய்கள் கூடி வருவதை மெய்ம்மயக்கம் என்கிறோம். ல, ள, ழ-வைப் பிரித்தறியத் தடுமாறினால் மயங்கொலி. கலப்பதும் தடுமாறுவதும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ரிசீவரில் நடப்பதும் அந்த இரண்டும்தான். என்ன சொல்லுதிய?

*

தம்பி,

குறுக்கீடு வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மயக்கம் என்றதும் சனங்களுக்கு முகத்தில் தண்ணீர் தெளிப்பதுதான் தோன்றும். ‘குறி’யும் தனியே நின்றால் சோசியத்துக்கும் வேறு பொருளுக்கும் இழுக்கும். முந்திய பிட்டின் மிச்சம்தானே சங்கதி? ‘குறியெச்சம்’ போதாதா?

இன்னொன்று, நீங்க வாலை மட்டும் சொன்னீக. எதிரொலியையும் சேர்க்கணும். போர்டின் அடுக்குகளை இணைக்கும் செம்புத் துளையான வயாவில் பயன்படாமல் தொங்கும் துண்டு 3 மி.மீ. இருந்தால் அது ஏறக்குறைய 12 ஜிகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்ந்து அந்த அலையை விழுங்கும். 25 ஜிகாபிட் இணைப்புக்கு அதி முக்கியமான அதிர்வெண்ணே அதில் பாதியான 12.5 ஜிகாஹெர்ட்ஸ். அந்தத் துண்டைப் பின்புறமிருந்து துளையிட்டு எடுக்காமல் மழுங்கிய அலையைச் சீர்செய்யும் ஈக்வலைசரை எவ்வளவு திருகினாலும் வீண். தடத்தின் மின்மறுப்பான 100 ஓமோடு கனெக்டர் பொருந்தாவிட்டால் எதிரொலி பல பிட் தாண்டி வந்து விழும்.

*

அண்ணாச்சி,

எதிரொலியைச் சேர்த்துவிடுகிறேன். அது எனக்குத்தான் சாதகம்: நாலைந்து பிட் கழித்துத் திரும்பி வருவதை எச்சம் என்பது ஒட்டவில்லை. அதைவிட, மேலே சொன்ன அந்த 40 இருக்கிறதே, அது பின்னால் வரும் பிட்டினுடையது. இன்னும் முழுதாக வந்து சேராத ஒன்றுக்கு எச்சம் ஏது?

இந்த வேறுபாடு சொல்லில் தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் மருந்தே வேறு. முடிவான பிட்டுகளை வைத்துக் கழிக்கும் ஈக்வலைசர் 110-ஐயும் 50-ஐயும் நீக்கி 100-ஐ 260 ஆக்கிவிடும். 40-ஐ அது தொட முடியாது. அந்தப் பிட் இன்னும் முடிவாகவில்லையே. அதைப் பெரும்பாலும் அனுப்பும் முனையிலேயே வடிவம் திருத்தித் தீர்க்கணும். கழிக்கும் வழியில் ஒரு ஆபத்தும் உண்டு: ஒரு பிட்டைத் தவறாக முடிவு செய்தால் 110-ஐக் கழிப்பதற்குப் பதில் கூட்டும். 220 பிழையோடு அடுத்த பிட்டும் விழக்கூடும். உயர் அதிர்வெண்ணை ஏற்றிக் கொடுக்கும் பெருக்கியோ இரைச்சலையும் சேர்த்தே ஏற்றும். அதனால் முதலில் தடம், வயா, போர்டின் பொருள், பிறகு அனுப்பும் முனை, பெருக்கி அளவோடு, மிச்சத்துக்குத்தான் கழிப்பது. கணினிக்குள் கார்டுகளை இணைக்கும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸின் முதல் தலைமுறையிலேயே அனுப்பும் முனையில் 3.5 டெசிபல் தணிப்பு உண்டு: மாறும் பிட் முழு உயரத்தில் போகும், அதே பிட் தொடர்ந்தால் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் போகும்.

‘குறி’ தனியே நின்றால் நீங்க சொல்வது சரி. கூட்டுச்சொல்லில் நிற்கும்போது இடறாது. ‘பிட்’ என்று மாற்றவும் முடியாது, நாலு வோல்ட்டேஜ் மட்டங்களில் அனுப்பும் பாம்-4 முறையில் ஒரு குறி இரண்டு பிட் சுமக்கிறது. இப்படிப் பதியலாமா: பொதுவுக்குக் குறிமயக்கம், முந்திய குறியால் வருவது பின்மயக்கம், வரப்போகும் குறியால் வருவது முன்மயக்கம். நீங்க சொன்ன எச்சத்தையும் விட வேண்டாம். ஈக்வலைசர் கழித்த பிறகும் தங்கி நிற்பதற்கு ‘மயக்க எச்சம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஈக்வலைசருக்குச் ‘சமனி’ போடலாமா, இல்லை பாட்டுப் பெட்டியில் இருக்கிற அதே பெயராகவே விடலாமா என்பதை மட்டும் நீங்க சொல்லுங்க.