மேற்கு எல்லைக் கல்வேலி

*நெடுந்தீவு (யாழ்ப்பாணத் தீவு) வீட்டார் குழு*

கனடா சித்தப்பா, 7:12: அண்ணா, மேற்கு எல்லை வேலியை இடித்துவிட்டுச் சீமெந்துக் கல்லில் மதில் கட்ட மேசன் என்ன விலை சொன்னார்? இந்த வாரமே பணம் அனுப்பிவிடுகிறேன்.

பெரியப்பா, 7:30: கேட்டேன். சீமெந்து, மணல், கம்பி எல்லாவற்றையும் குறிகட்டுவான் துறையில் படகேற்றி எங்கள் தீவின் மாவிலித்துறையில் இறக்க வேண்டும். ஏற்றுகூலியே பெரிய தொகையாகிறது. ஆனால் கூலியைவிட எனக்கு வேறு கவலை. அந்த வேலியை இடிக்க மனம் வரவில்லை.

கனடா சித்தப்பா, 7:34: பல இடங்களில் சரிந்து கிடக்கிறதே அண்ணா. மாடும் குதிரையும் வளவுக்குள் வந்து தென்னம்பிள்ளைகளைக் கடிக்கின்றன என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?

பெரியப்பா, 7:51: சரிந்ததைத் திரும்ப அடுக்கலாம். எங்கள் ஊரில் எங்கே மண்வெட்டி போட்டாலும் முருகைக்கல்தான், பவளப்பாறைக் கல். தோட்டம் செய்ய வேண்டுமென்றால் முதலில் கல்லைப் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கல்லைத்தான் முன்னோர் எல்லையில் அடுக்கினார்கள். சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை. அடியில் பெரிய கல், மேலே போகப் போகச் சிறியது. ஒரு கல்லின் மேடு அடுத்த கல்லின் பள்ளத்தில் அசையாமல் உட்கார வேண்டும். சோழகம், அந்தத் தென்மேற்குக் காற்று, வீசும்போது வேலியில் கை வைத்துப் பார், இடுக்குக்கு இடுக்குக் காற்று வரும். காற்றுக்கு வழி விடுவதால்தான் இத்தனை காலம் நிற்கிறது. இந்த உப்புக்காற்றில் மதிலுக்குள் வைக்கும் கம்பி துருப்பிடித்து மதில் வெடிக்கும்.

லண்டன் தம்பி, 8:05: பெரியப்பா, அந்தக் குதிரைகள் இன்னும் இருக்கின்றனவா?

மாமி, 8:09: இருக்கின்றன ராசா. ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை, மட்டக்குதிரைகள். தரவைப் புல்வெளியில் கூட்டமாக மேயும். கோடையில் புல் கருகிக் கேணி வற்றினால் தண்ணீர் தேடி வாசலுக்கே வந்துவிடும். அதற்காகத்தான் கிணற்றடித் தொட்டியை நிரப்பி வைக்கிறேன். வேலியைத் திருத்துங்கள், தொட்டிப் பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும்.

லண்டன் தம்பி, 8:11: கோட்டை?

பெரியப்பா, 8:20: ஆஸ்பத்திரிக்குப் பின்னால். ஒல்லாந்தர் கோட்டை என்கிறோம், அதற்கு முன்பே போர்த்துக்கேயர் கட்டியது என்றும் சொல்வார்கள். அதுவும் முருகைக்கல்தான், கூரையில்லாமல் சுவர் மட்டும் நிற்கிறது. புறாக்கூடும் இருக்கிறது. பெருக்குமரத்தின் (பாவோபாப்) பொந்துக்குள் நீயும் உன் கூட்டாளிகளும் சேர்ந்து நிற்கலாம். அராபிய வணிகர் கொண்டுவந்த மரம் என்பது ஊர்ப்பேச்சு. சுற்றுலா வருகிறவர்கள் இவற்றைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த படகில் போய்விடுகிறார்கள். எனக்கு ஊர் என்றால் இந்த வேலிகள்தான். கோட்டை ஆள வந்தவன் கட்டியது, வேலி எங்கள் ஆட்கள் கையால் அடுக்கியது.

பாரிஸ் அக்கா, 8:42: பெரியப்பா சொல்வதுதான் சரி. இரு பக்கமும் சாம்பல் நிறக் கல்வேலி, அதற்கு மேலே பனை. அந்த ஒழுங்கைக்குள் கால் வைத்த பிறகுதான் ஊருக்கு வந்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றும். ஒவ்வொரு வீடாக மதில் எழுப்பிக்கொண்டு போனால் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

மாமி, 8:50: மே 15க்கு யார் யார் வருகிறீர்கள்? 1985இல் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களில் எங்கள் ஒழுங்கைக்காரரும் உண்டு. மாவிலித்துறையில் விளக்கேற்றும்போது வீட்டுக்கு ஒருவராவது நிற்க வேண்டும்.

பாரிஸ் அக்கா, 8:53: நான் வருகிறேன் மாமி. மகளும் வருகிறாள்.

கனடா சித்தப்பா, 9:15: சரி அண்ணா, மேசன் வேண்டாம். கல் அடுக்கத் தெரிந்தவர்கள் இப்போது ஊரில் இருக்கிறார்களா?

பெரியப்பா, 9:22: இருவர் இருக்கிறார்கள். இருவருக்கும் வயதாகிவிட்டது, கல்லைத் தூக்க முடியாது. தூக்கிக் கொடுக்க இளைஞர்களைச் சேர்த்துவிட்டால் அவர்களும் வேலையைப் பழகிக்கொள்வார்கள்.

கனடா சித்தப்பா, 9:25: மதிலுக்கு ஒதுக்கிய பணம் முழுவதும் அந்தக் கூலிக்கே போகட்டும். சோழகம் தொடங்குவதற்கு முன் முடியுமா?

பெரியப்பா, 9:31: சித்திரையில் தொடங்கினால் முடியும். நாட்கூலி கேட்டு இரவு எழுதுகிறேன். சரிந்த கல்லை யாரும் ஏற்றிக்கொண்டு போகாதபடி இன்றைக்கே வளவுக்குள் குவித்து வைக்கிறேன்.