புதுப்பிப்பு: மீட்ட நாய்க்குட்டிங்களுக்கு பார்வோ, இப்ப நின்னுடுச்சு

எங்க தெரு அக்கா ஒருத்தங்க அடிபட்ட நாய்ங்களை வீட்டுலயே வெச்சு பாக்குறாங்க, புதுசா வர்ற குட்டிங்க வரிசையா பார்வோல (வாந்தி, ரத்தபேதி வர்ற வைரஸ் நோய்) செத்துப் போகுது, நாங்க எப்படி உதவுறதுன்னு கேட்டிருந்தேன்ல. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

கைகொடுத்தது "ஃபினாயிலை விடுங்க, ப்ளீச் போடுங்க"ன்னு ஒருத்தர் சொன்னதுதான். பார்வோ வைரஸ் ஃபினாயிலுக்கு சாகாதாம், இத்தனை நாள் அதைத்தான் ஊத்திக்கிட்டு இருந்தோம். 1 பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணி, முதல்ல சோப்பு போட்டு தேய்ச்சு கழுவிட்டு அப்புறம் ஊத்தி 10 நிமிஷம் விடணும், அழுக்கு மேலயே ஊத்துனா பிரயோஜனமே இல்ல.

எதிர்பாக்காதது ஒண்ணு, மூத்திரம் இருந்த இடத்துல நேரா ஊத்திட்டோம், அமோனியாவோட சேர்ந்து வாயு கிளம்பி கண்ணெல்லாம் எரிஞ்சு அக்காவுக்கு இருமல் நிக்கவே இல்ல, தயவுசெஞ்சு தண்ணி விட்டு கழுவாம ஊத்தாதீங்க.

மண்ணுல இந்த வைரஸ் மாசக்கணக்கா இருக்குமாம், அதனால புதுக்குட்டிங்களை 14 நாள் மாடியில தனியா வெச்சிருக்கோம், அரிசி பருப்பு வாங்கித் தர்றதோட தடுப்பூசி செலவையும் தெருக்காரங்களே ஏத்துக்கிட்டோம், 6 வாரத்துல ஆரம்பிச்சு 16 வாரம் ஆகுற வரைக்கும் 3, 4 வாரத்துக்கு ஒரு ஊசி. அதுக்கப்புறம் வந்த 5 குட்டியும் நல்லா சாப்பிடுது, ஓடுது.