போரை நிறுத்து என்று நாம் கேட்டால் யார் நிறுத்தப்போகிறார்கள்?

தறிவீடு:
காசா செய்தியைப் பார்த்தபடி வீட்டில் பெரிய வாக்குவாதம். போர்நிறுத்தம் வேண்டும் என்று நான் சொன்னதும் மாமா, "நிறுத்தினால் எதிரி மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பவும் அடிப்பான், உனக்கு உலகம் தெரியாது" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. துப்பாக்கி பிடித்தவர்கள் அடுத்தவர் பேச்சைக் கேட்டு நடுவில் நிறுத்தியது எங்கேயாவது உண்டா? நிஜமாக நடந்ததைச் சொல்லுங்கள், அறிவுரை வேண்டாம்.

உப்பளம்:
உண்டு. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர் நாடு, 1985. உள்நாட்டுப் போர் கடுமையாக நடந்துகொண்டிருந்தபோது யுனிசெஃப் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட் அதிபர் துவார்த்தேயிடம் போய், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட மூன்று நாள் மட்டும் சண்டையை நிறுத்துங்கள் என்று கேட்டார். சண்டையில் செத்தவர்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களில் செத்த குழந்தைகள் அதிகம் என்பது அவர் வாதம். அரசை எதிர்த்துப் போரிட்ட கொரில்லாப் படையினரிடம் கத்தோலிக்கத் திருச்சபை பேசியது. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு, சுமார் 2,50,000 குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். 1992ல் போர் முடியும்வரை வருடாவருடம் இது நடந்தது. அந்த மூன்று நாளால் எந்தப் பக்கமும் தோற்றுவிடவில்லை, இதை மாமாவிடம் சொல்லுங்கள்.

வன்னிப்பெண்:
அவ்வளவு தூரம் போக வேண்டாம், எங்களுக்கே நடந்தது. இலங்கையில் 1995ல் தேசிய போலியோ ஒழிப்பு நாட்கள் தொடங்கின. சண்டை நடந்த வடக்கு கிழக்கிலும் அந்த நாட்களில் அரசும் புலிகளும் சுடாமல் இருக்கச் சம்மதித்தார்கள். நாங்கள் இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்பில் இருந்த காலம். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு சொட்டு மருந்துக்கு வரிசையில் நின்றா, நான் பக்கத்தில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குண்டு போடும் கிபிர் விமானம் வரவில்லை, செல்லடி இல்லை, பங்கருக்குள் ஓடாமலே ஒரு பகல் முழுக்கப் போனது. நிறுத்த முடியும் என்றால் ஏன் நாளைக்கும் நிறுத்தக்கூடாது என்று அம்மாவிடம் கேட்டேன். அவ ஒன்றும் சொல்லவில்லை.

கரிசல்:
அக்கா கேட்டதுதான் என் கேள்வியும். 2024 ஆகஸ்டில் காசாவில் 10 மாதக் குழந்தை ஒன்று போலியோவால் முடங்கியது, அங்கே 25 வருடத்தில் முதல் முறை. செப்டம்பரில் பகுதி பகுதியாக, பகலில் சில மணி நேரம் தாக்குதலை நிறுத்தி, 5,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். சுகாதாரப் பணியாளர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அக்டோபரில் இரண்டாவது சுற்று வந்தபோது வடக்கில் குண்டுவீச்சால் தள்ளிப்போனது. சில மணி நேர நிறுத்தத்தோடு நாம் திருப்திப்பட்டுவிடக்கூடாது. போலியோவிலிருந்து காப்பாற்றிய அதே பிள்ளையை மறுநாள் குண்டிலிருந்தும் காப்பாற்ற வேண்டாமா? அதனால் முழுப் போர்நிறுத்தத்தையே கேளுங்கள், சத்தமாகக் கேளுங்கள்.

தறிவீடு:
எல்லோருக்கும் நன்றி. மாமாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். எல் சால்வடோருக்கு ஏதோ மறுப்பு சொல்ல ஆரம்பித்தார், அப்புறம் விட்டுவிட்டார். வன்னி அக்கா எழுதியதை மட்டும் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.