பி.எஸ்சி. படிக்கும்போதே ஆராய்ச்சிக்கு உதவித்தொகை கிடைக்குமா?

பாம்பன்பொண்ணு: அம்மா கடலில் மிதவையில் கப்பாபைகஸ் என்ற கடற்பாசியைக் கட்டி வளர்க்கிறார். வெயில் ஏறினால் பாசி வெளுத்து உதிர்கிறது. ஏன் என்று ஆராய ஆசை. நான் தாவரவியல் இரண்டாம் வருடம், தம்பி இன்ஜினியரிங். யாராவது பணம் தருவார்களா?

ராம்நாட்டான்: மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகையில் வருடம் 80,000 ரூபாய், அதில் 20,000 கோடை ஆய்வுக்கு. ஆனால் பொதுவாக பிளஸ் டூவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்திருக்கணும், முதல் வருடமே விண்ணப்பிக்கணும். இன்ஜினியரிங்குக்குக் கிடையாது.

தொண்டி வாத்தியார்: மூன்று அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடை ஆய்வுத் திட்டத்தைப் பாரும்மா. இரண்டு மாதம், உதவித்தொகை உண்டு. இன்ஜினியரிங் மாணவர்களும் போடலாம். ஆசிரியர் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஏன் ஆராயணும் என்று எழுதச் சொல்வார்கள். மார்க் பெருமையை விட்டுவிட்டு அந்த வெளுத்த பாசியை எழுது.

பாம்பன்பொண்ணு: சரி சார். மண்டபம் பாசி ஆய்வு நிலையத்திலும் கேட்டுப் பார்க்கிறேன்.