கூவம் ஓரக் குடியிருப்புகளைத் தேடினால் திருவல்லிக்கேணி சிவப்பாகிறது, எங்கே தப்பு?

புதுப்பிக்சல்:
வணக்கம். முதுகலை புவியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சென்னையில் கூவம், பக்கிங்காம் கால்வாய் ஓரமுள்ள குடிசைப் பகுதிகளைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து பிரித்தெடுப்பதுதான் என் ப்ராஜெக்ட். காசு கொடுத்துப் படம் வாங்க வழியில்லை, அதனால் இலவசமாகக் கிடைக்கும் ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-2-இன் படம். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் வாக்கை வைத்து ஒவ்வொரு பிக்சலையும் வகைப்படுத்தும் அல்காரிதம்) ஓட்டினேன். பயிற்சிக்கு, அரசு அறிவித்த குடிசைப் பகுதிகளின் பட்டியலைப் பார்த்துப் படத்தின் மேல் பாலிகன் (எல்லைக்கோடு) வரைந்து 'குடிசை' என்று குறித்தேன். பட்டியலில் இல்லாத இடமெல்லாம் 'மற்றவை'. திருவல்லிக்கேணியில் பாதி சிவப்பாகிவிட்டது, அதாவது குடிசை என்று காட்டுகிறது. நான் நேரில் பார்த்த கால்வாய் ஓரத்து ஷீட் வீடுகளோ ஒன்றுகூட வரவில்லை. மரங்களை 100-இலிருந்து 500 ஆக்கியும் அதே கதை. கைடு 'வேறு அல்காரிதம் போடு' என்கிறார்.

அலைவரிசை:
சென்டினல்-2-இன் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நீங்கள் தேடும் வீடு பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு பிக்சலுக்குள் ஏழெட்டு வீடு, ஒரு சந்து, கொஞ்சம் சாக்கடை எல்லாம் கலந்து ஒரே நிறமாக நிற்கும். நிறத்தை மட்டும் நம்பாமல் டெக்ஸ்ச்சர் பட்டைகளையும் (பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் எவ்வளவு மாறுகின்றன என்ற அளவு) சேர்த்துப் பாருங்கள். செயற்கைக்கோள் படத்திலிருந்து கட்டட எல்லைகளை வரைந்த கூகுளின் ஓப்பன் பில்டிங்ஸ் தரவில் இந்தியாவும் இருக்கிறது. சின்னக் கட்டடங்கள் எங்கே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன என்று அதில் எண்ணலாம். ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளை அது பல இடங்களில் ஒரே கட்டடமாக வரைந்து வைத்திருக்கும், கவனம்.

பழைய_சர்வேயர்:
தம்பி, அல்காரிதத்தை விடு. தப்பு உன் பட்டியலில் இருக்கிறது.

1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகளை அறிவித்தார்கள். 1985-இல் இன்னும் 17 சேர்ந்தது. நீ பாலிகன் போட்ட இடங்களில் பல, அரை நூற்றாண்டுக்கு முன்னால் ஓலைக்குடிசையாக இருந்தவை. இன்று அங்கே போனால் மூன்று மாடி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா. மேலேயிருந்து பார்த்தால் திருவல்லிக்கேணிச் சந்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அதைக் குடிசை என்று நீ சொல்லிக்கொடுத்தாய், அதுவும் படித்துக்கொண்டது. கால்வாய் ஓரத்து ஷீட் வீடுகள் பட்டியலில் இல்லை, அவற்றை 'மற்றவை' என்றும் நீதான் சொல்லிக்கொடுத்தாய். உன் கணினி ரொம்ப நல்ல மாணவன்.

அறிவிப்பு என்பது சட்ட நிலை. கூரையைப் பார்த்துச் சட்ட நிலையைக் கண்டுபிடிக்க எந்தச் செயற்கைக்கோளாலும் ஆகாது. பட்டியலைத் தூக்கிப்போட்டுவிட்டு, கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, இன்றைக்கு இருப்பதை வைத்துக் கையால் பாலிகன் போடு. நானூறு ஐந்நூறு போட்டால் முதுகு போய்விடும், வேறு வழியில்லை.

படத்தின் மாதத்தையும் பார். நான் ஒருமுறை மே மாதப் படத்தில் அழகாகப் பிரித்த பகுதி, டிசம்பர் படத்தில் பாதி காணாமல் போயிற்று. இடித்துவிட்டார்களோ என்று பதறிப்போய் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். எல்லாம் அப்படியேதான் இருந்தது. ஒழுகுகிறது என்று ஆஸ்பெஸ்டாஸ் மேல் நீலத் தார்ப்பாய் போட்டு, பறக்காமலிருக்கச் செங்கல்லும் பழைய சைக்கிள் டயரும் வைத்திருந்தார்கள். என் மாடல் சாம்பல் நிறத்தை மட்டுமே படித்திருந்தது. அதே வாரம் 'புதிய குடியிருப்பு' என்று அது காட்டிய இன்னொரு இடத்துக்குப் போனேன். டோபி கானா, சலவைத் துறை. கயிறு கயிறாகப் புடவை.

கரையோரம்:
நான் படித்தது வேறு, இந்தத் துறை இல்லை. ஆனால் பன்னிரண்டு வயது வரை அப்படிப்பட்ட ஒரு ஷீட் வீட்டில்தான் இருந்தேன். ஒரு நாள் யாரோ வந்து கதவில் சுண்ணாம்பால் எண் எழுதிவிட்டுப் போனார்கள். ரேஷன் கார்டு வரும் என்று அம்மா சந்தோஷப்பட்டார். எட்டு மாதம் கழித்து அந்த எண் வரிசைப்படி லாரியில் ஏற்றினார்கள். எங்கள் வீடு 47. தம்பி, உங்கள் வரைபடத்தை யார் யார் பார்ப்பார்கள்?

பழைய_சர்வேயர்:
கரையோரம் அக்கா கேட்டது சரியான கேள்வி, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வீடு வீடாக எல்லை போட்ட கோப்பை இணையத்தில் ஏற்றாதே. நூறு மீட்டர் கட்டத்துக்கு இத்தனை சதவீதம் குடிசை என்று கொடுத்தால் ஆய்வேட்டுக்குப் போதும். கைடு துல்லியம் போதாது என்றால், துல்லியம் யாருக்கு என்று கேள். மார்க்கு குறைந்தால் என்னைத் திட்டு. கென்யாவில் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் 2009-இல் அங்கே வாழும் இளைஞர்களே ஜிபிஎஸ் கருவியோடு நடந்து தண்ணீர்க் குழாய், கழிப்பறை, பள்ளிக்கூடம் என்று குறித்து யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினார்கள். எதைக் காட்டுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள், அது வேறு.

புதுப்பிக்சல்:
நன்றி சார், நன்றி அக்கா. 'யார் பார்ப்பார்கள்' என்று நான் யோசிக்கவே இல்லை. கட்டமாகவே கொடுக்கிறேன். பயிற்சிப் பாலிகனைப் புதிதாகப் போட ஆரம்பித்துவிட்டேன், நேற்று ராத்திரி 62. இந்த வாரம் அந்தக் கால்வாய் ஓரம் மறுபடி போய்ச் சரிபார்க்கலாம் என்றிருக்கிறேன். எந்த நேரம் போனால் பேசுவார்கள்?

கரையோரம்:
தண்ணி லாரி வந்துபோன பிறகு போங்க. லாரி நிற்கும்போது போனால் குடத்தைத் தவிர யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள். கையில் கிளிப்போர்டு வேண்டாம்.