புதுப்பிப்பு: அம்மம்மாவின் நாற்சார் வீடு

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், நடுவில் திறந்த முற்றமும் நாலு பக்கமும் கட்டடமுமாக இருக்கும் அம்மம்மாவின் வீட்டுச் சுவர் கொப்பளித்து உதிர்கிறது, என்ன செய்யலாம் என்று போன வருடம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி. பழுது சுவரில் இல்லை, நாங்கள் பிறகு பூசிய சீமெந்தில். பழைய சுவரின் சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சீமெந்து அதை உள்ளே அடைத்துவிடும், உப்பு பூத்துப் பூச்சைத் தள்ளும். எல்லாவற்றையும் கொத்தி எடுத்து, கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்பே பூசினோம். கார்த்திகை மழை முடிந்தும் ஒரு கொப்பளம் இல்லை!

கூரையைத் தாங்கும் பனங் கைமரங்களில் இரண்டைத்தான் மாற்றினோம். புதிய சமையலறை பின்பக்கம், பெரிய கண்ணாடிக் கதவுகளோடு. முற்றத்தைக் கண்ணாடியால் மூடும் யோசனையைக் கைவிட்டேன். சூடான காற்று மேலேறிப் போக அந்தத் திறந்த முற்றம்தான் வழி. அப்புறம், கூரைப் பீலியில் வடியும் மழைத் தண்ணீர் இப்போது வளவுக்குள்ளேயே நிலத்தில் இறங்குகிறது.