மூன்றாவது குறுக்குத் தெரு குழு: கேபிள் பள்ளம்

மீனா (14ஆம் எண்), மாலை 5:40
அவசரம். மின்சாரக் கேபிள் போட வெட்டிய பள்ளத்தைத் தெருமுனையிலிருந்து மூட ஆரம்பித்துவிட்டார்கள். டிராக்டரில் வந்திருப்பது மண் இல்லை, இடித்த வீட்டுக் குப்பை. கான்கிரீட் கட்டி, டைல்ஸ் உடைசல் எல்லாம் கிடக்கிறது. படம் போட்டிருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள்.

விக்னேஷ் (17), 5:46
எதைப் போட்டாவது சீக்கிரம் மூடட்டும் அக்கா. அப்பாவைச் சக்கர நாற்காலியில் டாக்டரிடம் கூட்டிப்போக வழியில்லை.

சண்முகம் ஐயா (9), 5:58
தம்பி, உன் சிரமம் புரிகிறது. ஆனால் படத்தைப் பார்த்துப் பதறிவிட்டேன். வேலையில் இருந்த காலத்தில் கேபிள் ஜாயின்ட் போட்டவன் நான். பழுது என்று தோண்டினால், மேலுறையில் ஒரு கல் குத்திக்கொண்டிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். போட்ட அன்று ஒன்றும் தெரியாது. மேலே லாரி ஏற ஏறக் கல் உள்ளே இறங்கும், அந்த ஓட்டை வழியாக ஈரம் புகும். உள்ளே கம்பியைச் சுற்றியிருக்கும் எக்ஸ்எல்பிஇ என்ற பிளாஸ்டிக் காப்புக்கு ஈரம்தான் எமன். சில வருடம் கழித்து ஒருநாள் கேபிள் ஷார்ட்டாகி அடித்துவிடும்.

சண்முகம் ஐயா, 6:04
ஐஎஸ் 1255 என்று இதற்கு இந்தியத் தரவிதியே இருக்கிறது. நம் தெருவில் போவது 11 கேவி, அதாவது 11,000 வோல்ட். கேபிளின் மேல்பக்கம் 90 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும். எல்டி, அதாவது குறைந்த அழுத்தக் கேபிள் என்றால் 75 செ.மீ. அடியில் மணல், பிறகு கேபிள், அதை மூடி மறுபடி மணல், மேலே செங்கல். அப்புறம்தான் கல் பொறுக்கிய மண். அதையும் மொத்தமாகக் கொட்டக் கூடாது. சுமார் 30 செ.மீ. உயரத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்க வேண்டும்.

லலிதா அம்மா (11), 6:09
செங்கல் எதற்கு சண்முகம்? கேபிளை நசுக்கிவிடாதா?

சண்முகம் ஐயா, 6:12
நடுவில் மணல் இருக்கிறதே அக்கா, நசுக்காது. பின்னால் தோண்ட வருகிற ஆளுக்காகத்தான் அது. கடப்பாரை முதலில் செங்கலில் இடிக்கும், அவன் கையை நிறுத்திக்கொள்வான். பாதாளச் சாக்கடை இணைப்புக்கு இதே ஓரத்தில்தான் தோண்டப் போகிறார்கள். செங்கல் இல்லையென்றால் ஓர் உயிர் போகும்.

அன்வர் (செயலாளர்), 6:31
நேரில் போய் வந்தேன். மணல் போட்டாயிற்று என்கிறார் மேஸ்திரி. மீனா வீட்டிலிருந்து முனை வரை மூடிவிட்டதால் பார்க்க வழியில்லை. ஐயா வீட்டுப் பக்கம் இன்னும் திறந்திருக்கிறது. அங்கே மணலும் இல்லை, செங்கலும் இல்லை. கேபிள் வெறும் தரையில் கிடக்கிறது.

மீனா, 6:35
ஐப்பசி மழையை நினைத்தால்தான் பயம். போன வருடம் குழாய்ப் பள்ளத்தை இப்படித்தான் மூடினார்கள், பால்வண்டி அச்சு வரை இறங்கியது.

சண்முகம் ஐயா, 6:41
கட்டிகளுக்கு நடுவே காற்று நிற்கும் அம்மா. மழைத்தண்ணீர் மண்ணை அந்தச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போகும், மேலே தரை இறங்கும். கேபிளின் சூடும் சரியாக வெளியேறாது. சரியாக மூடினாலும் மண் அமுங்கும் என்றுதான் நடுவில் 5 செ.மீ. மேடாக விடச் சொல்கிறார்கள்.
இன்னொன்று: படம் எடுக்க யாரும் பள்ளத்தில் இறங்காதீர்கள். புதுக் கேபிளில் மின்சாரம் வரவில்லை என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். பழைய கேபிளும் அதே ஓரத்தில் ஓடுகிறது.

விக்னேஷ், 6:50
சரி ஐயா, இரண்டு நாள் பொறுத்துக்கொள்கிறோம். ஆனால் அப்பா தாண்டிப்போக இரும்புத் தகடு போட்டே ஆக வேண்டும். இரவில் தடுப்பும் இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை. பிள்ளைகள் டியூஷன் முடிந்து எட்டரைக்கு அந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

அன்வர், 7:15
மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் பேசிப் படங்களை அனுப்பிவிட்டேன். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987இலும் புகார் பதிவாகிவிட்டது. பொறியாளர் நாளை காலை 8 மணிக்கு வருகிறார், அதுவரை மூடும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். தகடும் தடுப்பும் இன்றிரவே வரும் என்றார். வரும் வரை நானும் விக்னேஷும் டார்ச்சோடு அங்கே நிற்கிறோம்.

சண்முகம் ஐயா, 7:19
நல்லது தம்பி. மூடிய பகுதியை அப்படியே விட்டுவிடக் கூடாது. இரண்டு இடத்திலாவது அவர்கள் ஆளை வைத்தே கையால் தோண்டிக் காட்டச் சொல்வோம். ஜேசிபி வேண்டவே வேண்டாம்.

மீனா, 7:22
ஒரு குழி என் வாசலிலேயே தோண்டட்டும் ஐயா. காரை இப்போதே வெளியே எடுத்துவிடுகிறேன்.